ஐம்பத்திரண்டு நாட்டு மண்

காலை ஏழு மணிக்கே மாடிப்படியில் முப்பது பேர். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். எல்லோர் கையிலும் பாஸ்போர்ட். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகளைப் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே, முதல் மாடியில் தராசு ஐயா இருந்தார். வெளிநாட்டுப் பயணம் போக நினைப்பவரின் பாஸ்போர்ட்டைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார். போக நினைக்கும் நாட்டின் மண் அடைத்த சின்ன டப்பாவை மறு தட்டில் வைப்பார். பாஸ்போர்ட் தாழ்ந்தால் அந்த நாடு உங்களை ஏற்றுக்கொண்டது. உயர்ந்தால் போன இடத்தில் உயிர் தங்காது. விசா அதிகாரிக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது. நாடு கைவிட்டாலும் ஐயா கைவிட மாட்டார். 'பயணக் கவசம்' என்று ஒரு செப்புத் தகடு விற்பார். அதைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகி மறுபடி வைத்தால் தட்டு பணிவாகத் தாழும். ஒரு நாட்டுக்கு ஒரு தகடு. ஒன்பது தகட்டோடு கிளம்பிய ஒரு பெரியவரை விமான நிலையத்தில் தனியறைக்குக் கூட்டிப்போய்த் தடவிப் பார்த்தார்களாம். கவசம் எவ்வளவு சக்தியோடு வேலை செய்கிறது பாருங்கள் என்று அதற்கும் படிக்கட்டில் ஒரு சிலிர்ப்பு.

நான் அந்தப் படிக்கட்டின் அடியில் நகல் கடை வைத்திருப்பவன். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, நகலெடுத்து வரச் சொல்வார் ஐயா. எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஐம்பத்திரண்டு நாட்டு மண்ணும் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பூந்தொட்டிகளிலிருந்துதான் டப்பாவுக்குப் போனது. என் கண்ணால் பார்த்தேன். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. என் இயந்திரம் ஓடியது, என் வாய் ஓடவில்லை. யோக்கியன் கதை சொல்ல வந்திருக்கிறான் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

அன்று ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நகலெடுக்கக் கொடுத்த தாளில் ஒரு வருடப் பயணத்துக்கான திட்டம் இருந்தது. ஐந்து நாடுகள். ஒவ்வொன்றிலும் பத்து வாரம். பத்து நாளில் ஏழு நாட்டைச் சுற்றிக்காட்டி, பதினோராவது நாள் வீங்கிய காலோடு வீட்டில் இறக்கிவிடும் சுற்றுலா இல்லை. தரைத்தளத்தில் வாடகை அறை, நடக்கிற தூரத்தில் மருந்துக்கடை, வாசலில் பேருந்து. எங்கே போனாலும் வெயில் அதிகமில்லாத பருவமாக வருகிற மாதிரி நாடுகளை வரிசைப்படுத்தியிருந்தார். மூன்று வருட உழைப்பு என்றார். அந்தத் தாளில் மூன்று நாடுகளின் மேல் சிவப்புக் கோடு அடித்திருந்தது.

கோடு அடித்தவர் கணவர். ஆயுள் முழுக்கப் பாலம் கட்டியவர், எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவர். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், தராசு ஐயாவைத் தவிர. முதல் தடவை வந்தபோது தீவு நாடு அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த மூன்றும் மறுத்துவிட்டன. கவசம் இருந்தாலும் வேண்டாம், விஷப்பரீட்சை என்று விட்டுவிட்டார். ஐந்தாவது ஏரி நாடு. அதற்கு இன்று எடை. மதியத்துக்குள் டிக்கெட்டை உறுதி செய்ய வேண்டும். அதுவும் போனால் மிஞ்சுவது ஒரே ஒரு தீவு. மூன்று வருட உழைப்பு பத்து வாரத்தில் முடிந்துவிடும்.

என் கடை வாசலில்தான் அந்த அம்மாளுக்குப் பொறுமை போனது.

"ஒரு வருஷம் அவசரமில்லாம இருக்கணும்னு முப்பது வருஷமா பேசினோம். இப்ப ஒரு டப்பா வேண்டாங்குதுன்னு விடச் சொல்றீங்க."

"அங்க எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, பாஷை தெரியாத ஊர்ல நீ தனியா என்ன பண்ணுவே?"

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "பயமா இருக்குன்னு சொல்லுங்க. அது நியாயம். ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம். தராசு சொல்லுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

நான் ஒரே பக்கத்தை இரண்டு தடவை நகலெடுத்துவிட்டேன். மனசாட்சி என்று சொல்வார்களே, அதுவாக இருக்கலாம். பழக்கமில்லாததால் உறுதியாகத் தெரியவில்லை.

நகல்களைக் கொடுக்க நானும் மேலே போனேன், கையில் ஸ்டேப்ளரோடு. ஏரி நாட்டு டப்பா வைக்கப்பட்டது. பாஸ்போர்ட் ஜிவ்வென்று மேலே போனது. கூட்டம் உச்சுக்கொட்டியது. கணவர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தீவு நாட்டை மறுபடி ஒருமுறை வைக்கச் சொன்னார். ஐயா வைத்தார். பாஸ்போர்ட் தாழ்ந்தது. தீவுக்கு இன்னும் அதே பாசம்.

"சரி. இப்ப இதையே அந்த ஜன்னல் விளிம்புல வச்சுப் பாத்துருவோம்."

ஐயா பதறிவிட்டார். தராசை மேசையிலிருந்து அசைத்தால் சக்தி கலைந்துவிடுமாம், குடும்பத்துக்கு ஆகாதாம்.

"முப்பத்திரண்டு வருஷம் கடை கடையா ஏறித் தராசு பாத்தவ நான். கடைக்குள்ள போனதும் முதல் வேலை, அதைக் கடைக்காரங்க மேசையிலேருந்து எறக்குறதுதான். நீங்க இப்ப சொன்னதைத்தான் அவங்களும் சொல்லுவாங்க."

சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டார். ஜன்னல் விளிம்பில் வைத்துக் கணவரின் பாஸ்போர்ட்டையும் தீவு டப்பாவையும் இரண்டு பக்கமும் இட்டார். இரண்டு நிமிடம் முன்பு கட்டித் தழுவிய தீவு, அவரைத் தூக்கி எறிந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். அதுவும் மேலே போனது. இன்னொருவர், இன்னொரு நாடு, அதே கதிதான். உலக நாடுகள் ஒரே முடிவுக்கு வந்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு அந்த அம்மாள் என் ஸ்டேப்ளரை வாங்கித் தட்டில் வைத்தார். தீவு ஏற்றது. ஏரி நாடு ஏற்றது. டப்பா மாற்றி மாற்றி வைத்தார்கள். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு தாளைத் தைக்கும் என் ஸ்டேப்ளருக்கு அத்தனை நாடும் கதவைத் திறந்தது. அதற்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

கணவர் செப்புத் தகடு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "இதுக்கு எடை இருக்கு. உள்ள வச்சா தாழத்தானே செய்யும்." பாலத்துக்கு வாழ்நாள் முழுக்கப் போட்ட கணக்கு அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நேராகப் போய் ஐயாவின் மேசை விரிப்பைத் தூக்கினார். அடியில் காலால் மிதிக்கும் கட்டை. மிதித்தால் மேலே வந்து பாஸ்போர்ட் தட்டின் நேர் கீழே நிற்கும் பெரிய காந்தம். தராசைக் கவிழ்த்தார்கள். அந்தத் தட்டின் அடியில் மட்டும் ஒரு இரும்புத் துண்டு ஒட்டியிருந்தது.

அப்போதுதான் பூந்தொட்டி விஷயத்தை நான் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு உண்மை சொல்வதில் ஆபத்தில்லை. கூட்டம் என்னை முறைத்ததில் நியாயம் இருந்தது. ஐயாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போக நாலு பேர் முன்வந்தார்கள். ஐம்பத்திரண்டு நாட்டு வாசலையும் கையில் வைத்திருந்தவருக்கு அங்கே மட்டும் இடம் கிடைத்தது.

படியிறங்கும்போது கணவர் மெதுவாகச் சொன்னார், "பயமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு. ரெண்டு பேருமா சேந்து பயப்படலாம். டிக்கெட்டைப் போடுங்க, அஞ்சுக்கும்."

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். அதற்குள் கூட்டம் அந்த அம்மாளை வளைத்துக்கொண்டது. ஒரு பெரியவர் கைகூப்பித் தன் பாஸ்போர்ட்டை அவரிடம் நீட்டினார். நாங்கள் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பின்னால் இருந்தவர்கள் அவசரமாக வரிசையில் நின்றார்கள்.

அந்த அம்மாள் வரிசையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆபீஸை நடத்தினீங்க, பள்ளிக்கூடத்தை நடத்தினீங்க, குடும்பத்தை நடத்தினீங்க. அப்பல்லாம் யாரையும் கேக்கல. அறுபது வயசானதும் வேலைக்குத்தான் ஓய்வு குடுத்தாங்க. மூளைக்கும் சேத்து ஓய்வு குடுக்கச் சொல்லி உங்களுக்கு ஆர்டர் போட்டது யாரு?"