சர்க்கார் கழுத்து

உலகம் தோன்றிய நாள் முதல் மனிதனின் எலும்பும் தசையும் கேட்பாரற்றுக் கிடந்தன. யாருக்கு, எப்போது, எந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்பது கடவுளுக்கே தெரியாத ரகசியமாக இருந்துவந்தது. அந்த அநியாயம் 1958-ல் முடிவுக்கு வந்தது. முடிவுக்கு வந்த இடம், பாகூர்ப் பக்கம், பெயரைச் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடிய ஒரு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.

பிரெஞ்சுக்காரன் அத்தனை காலம் ஆண்டும் ஒரு குமாஸ்தாவின் முதுகைத் தொட்டுப் பார்த்ததில்லை. நம்முடைய சர்க்காரோ வந்த நாலே வருஷத்தில் அதற்கென்று ஒரு நிபுணரை ஜீப்பில் ஏற்றி அனுப்பியது.

நிபுணர் பெயர் கோதண்டபாணி. சென்னையில் சில வாரங்கள் பயிற்சி பெற்றவர். 'அலுவலக ஊழியர் தசை மூட்டு அபாய முன்னறிவிப்புத் திட்டம்' என்பது அவர் கொண்டுவந்த திட்டம். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவருக்கு நெஞ்சுத் தசை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கருவி, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு. அதைக் காதில் கட்டித் தொங்கவிடுவார். குண்டு தோளுக்கு நேரே நின்றால் பிழைத்தீர்கள். முன்னால் ஆடினால் அபாயம்.

முதலில் அதிகாரி செல்லப்பன். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி நாட்டு நிலைமையைப் 'பரிசீலித்துக்கொண்டிருந்தார்'. நிபுணர் சுற்றிச் சுற்றிப் பார்த்து மெய்சிலிர்த்தார்.

"அபாயம் அறவே இல்லை. எந்தத் தசையும் இன்னும் உபயோகத்துக்கே வரல!"

அடுத்தது குமாஸ்தா சிங்காரவேலு. அவருக்கு இடது பக்கம் பிரெஞ்சுப் பதிவேடு, வலது பக்கம் இங்கிலீஷ் பதிவேடு. செலியமேட்டில் ஒரு குழந்தை பிறந்தால் இவர் கழுத்து இரண்டு ராஜ்ஜியங்களுக்கு நடுவே போய்வந்தாக வேண்டும். ஊர் இன்னும் சட்டப்படி முழுசாகக் கைமாறவில்லை. கழுத்து மட்டும் நாள் முழுக்க மாறிக்கொண்டிருந்தது.

"போஸ்ச்சர் ரொம்ப மோசம்," என்றார் நிபுணர். "மூணு மாசத்துல போயிடும்."

சிங்காரவேலு பிரெஞ்சுக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கு உத்தியோகம் என்றால் 'பொஸ்து'. ஆகவே அவர் காதில் விழுந்தது, 'பொஸ்து, சார்' என்பதுதான். அவ்வளவு பெரிய மனிதர் தன்னைச் 'சார்' என்று அழைத்ததே துக்கம் விசாரிக்கிற மாதிரி இருந்தது.

"ஐயா, பொஸ்தே போயிடுமா?"

"சந்தேகமே வேண்டாம். கழுத்துப் பிடிச்சதும் போயிடும்."

"புடிக்கலன்னா?"

"பிடிக்கும். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு."

அந்தப் பொஸ்தை நம்பித்தான் சிங்காரவேலு வீட்டில் உலை கொதித்தது. சாயங்காலம் அவர் நுழைந்ததுமே மனைவி கஸ்தூரி கேட்டுவிட்டாள்.

"இன்னாங்க, சாவு வூட்லேர்ந்து வர்றாப்பல வர்றீங்க?"

"கழுத்து புடிச்சா பொஸ்து போயிடுமாம்டி."

"அப்ப புடிக்காம பாத்துக்குங்க. இத்தச் சொல்லவா ஜீப்பு போட்டுக்கினு ஒரு ஆளு?"

அன்றிலிருந்து நல்லெண்ணெய், வெந்நீர் ஒத்தடம், தலையணையில்லாத் தூக்கம். அலுவலகத்தில் சிங்காரவேலு கழுத்தைத் திருப்புவதை விட்டு நாற்காலியோடு திரும்பினார். தெருவில் வணக்கம் சொன்னவர்களுக்கு முழு உடம்போடு திரும்பி வணக்கம் சொன்னதில் ஊரில் மரியாதை கூடியது. மூன்று மாதத்தில் அவர் கழுத்து கோயில் காளையின் கழுத்தாயிற்று.

நிபுணர் திரும்பி வந்தார். தலையைப் பிடித்து இடம் திருப்பினார், வலம் திருப்பினார். எண்ணெய் போட்ட ராட்டினம் மாதிரி சுற்றியது. நிபுணரின் முகம் தொங்கிவிட்டது.

"வலி?"

"இல்லீங்க."

"கொஞ்சங்கூட?"

"ஒங்க புண்ணியத்துல, இல்லீங்க."

"அடப்பாவி! நாளைக்கு டைரக்டர் வந்து உன் கழுத்தைப் பார்க்கப் போறார்யா! எவ்வளவு திமிர் இருந்தா நீ நல்லாயிருப்பே?"

"பொஸ்து போயிடும்னு சொன்னீங்களே, அந்தப் பயத்துலதான்..."

"பொஸ்தா? போஸ்ச்சர்யா, போஸ்ச்சர்! உட்கார்ற விதம்! உன் வேலையைப் பத்தி யார் பேசினா?"

மூன்று மாதமாக அடைத்திருந்த மூச்சைச் சிங்காரவேலு அப்போதுதான் விட்டார். விட்ட மூச்சு வெளியே போய்ச் சேர்வதற்குள் அதிகாரி செல்லப்பன் கண்ணைத் திறந்தார்.

"இப்ப நான் பேசறேன். சர்க்கார் வாக்கு பொய்யாப் போச்சுன்னா ஒன் பொஸ்து இருக்காது. நாளைக்குள்ள கழுத்து புடிச்சாவணும்."

கழுத்தை உடனே பிடிக்கவைக்கும் இலாகா எதுவும் பக்கத்தில் இல்லாததால் அமுதத்துக்கு ஆள் போயிற்று. அமுதம் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர் காலால் மிதித்தால் சுளுக்கு இறங்கும் என்பது சுற்றுவட்டாரத்தின் நம்பிக்கை. வந்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"யாருக்குபா சுளுக்கு?"

"யாருக்கும் இல்ல. அதான் கஷ்டமே," என்றார் செல்லப்பன். "இவனுக்கு ஒண்ணு போடணும்."

"இன்னா போடணும்?"

"சுளுக்கு. எடுக்கிற காலுக்குப் போடத் தெரியாதா?"

"நல்லாருக்குதே கத! எனக்கு எடுக்கத்தான் வரும். வெக்கிறவன் ஒருத்தன் சோரியாங்குப்பத்துல இருந்தான். அவனும் சர்க்கார் வேல கெடச்சிப் பூட்டான்."

"ஏதாவது வழி சொல்லும்மா," என்றார் நிபுணர்.

"வேற யாருக்காச்சும் இருந்தா அத்த எடுத்து இவருக்கு மாத்தலாமான்னு பாக்கலாம். ஒங்க ரெண்டு பேருக்கும் எங்க இருக்கப் போவுது? வேல செஞ்சாத்தான சுளுக்கும்!" அமுதம் நிபுணரை மேலும் கீழும் அளந்தாள். "எதுக்கும் ஒரு மிதி மிதிச்சிப் பாக்கட்டுமா? சொம்மாதான்."

நிபுணர் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார்.

சிங்காரவேலு எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். வீட்டையும் உலையையும் நினைத்தார். பிறகு மெள்ளத் தலையை இடது தோளில் சாய்த்து, "ஐயோ, புடிச்சிக்கிச்சே!" என்றார்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் மேலிடத்துக்கு எழுதினது வலது பக்கம்!"

சிங்காரவேலு தலையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்னொரு முறை முறைப்படி "ஐயோ" என்றார்.

மறுநாள் டைரக்டர் வந்தார். சாய்ந்த தலையைக் கண்டு கண் கலங்கினார், ஆனந்தத்தால். விஞ்ஞானம் வென்றது. நிபுணருக்குப் பதவி உயர்வு என்று அங்கேயே அறிவித்து மாலை போட்டார்கள். சிங்காரவேலுவுக்கும் ஒன்று போடத்தான் பார்த்தார்கள். தலை சாய்ந்திருந்ததால் நுழையவில்லை.

ஜீப் போனபின் செல்லப்பன் சிங்காரவேலுவைக் கூப்பிட்டார்.

"டைரக்டருக்கு ஒன் மேல ரொம்பப் பரிதாபம். இப்படிப்பட்ட கழுத்த வெச்சிக்கிட்டு ஒரு மனுஷன் வேல செய்யக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார். நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

சிங்காரவேலுவின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. இடம் திருப்பினார், வலம் திருப்பினார், வானத்தைப் பார்த்தார்.

"ஐயா, பாருங்கய்யா! நல்லாயிருக்குது! சுத்துது பாருங்கய்யா!"

செல்லப்பன் பிரமித்துப்போனார்.

"அடடா! நிபுணர்னா நிபுணர்தான்யா! 'வேலைய விட்டு எடுத்துட்டா கழுத்து தன்னால சரியாயிடும்'னு ஜீப்புல ஏறும்போதுதான் சொல்லிட்டுப் போனார்!"

திட்டம் அப்படியாக ஒரே நாளில் இரண்டு முறை வெற்றி பெற்றது. அந்த அலுவலகத்தில் அதற்குப் பிறகு யாருக்கும் கழுத்துப் பிடித்ததாகத் தகவல் இல்லை. வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். அவரையும் குணப்படுத்தி அனுப்பிவிட்டார்கள்.