நூறு ரூபாய்க்குள் எழுந்தருளிய சிங்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு மே மாதம் கொச்சி மட்டாஞ்சேரிக்கு நரசிம்மமூர்த்தி எழுந்தருளினார். கோயிலுக்கு அல்ல, நூறு ரூபாய் நோட்டுக்குள். அதற்குக் குறைந்த தொகைக்கு இறங்கிவர அவருக்கு மனமில்லை போலும்.

அவரை அழைத்து வந்தவர் சிங்கச்சாமி. சுக்குக் கிடங்கின் பின்புறம் பந்தல், பந்தலுக்குள் திரை, திரைக்குள் நெய்விளக்கு. பக்தர் தரும் நோட்டைச் சாமி மந்திரம் சொல்லி விளக்கின் முன் பிடிப்பார். வெள்ளை இடத்தில் சிங்கமுகம் தெரியும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த நோட்டு சாமியின் பெட்டியில் நாற்பத்தொரு நாள் இருந்தால் இரண்டாகும் என்பது அருள்வாக்கு. நாற்பத்தோராம் நாள் சாமி எந்த ஊரில் இருப்பார் என்று கேட்கும் மரியாதைக்குறைவு எவருக்கும் வரவில்லை.

சுக்குப் புடைக்கும் அங்கம்மாளும் வரிசையில் நின்றாள். அவள் கையிலிருந்தது, இடவப்பாதி மழைக்கு முன் கூரை மாற்றச் சேர்த்த பணம். வாழ்நாளில் அவளிடம் தங்கிய முதல் நூறு. இரண்டானால் ஓலைக்குப் பதில் ஓடே போடலாம்.

அவள் நோட்டிலும் சிங்கம் வந்தது. கண் நிறைந்துவிட்டது. நோட்டு பெட்டிக்குள் போனது.

“சாமி, என்னோடதும் ஒண்ணு நோக்கணும்” என்று நூறு ரூபாயை நீட்டினார் சாயாக்கடை நாணு.

சாமி பிடித்தார். ஓதினார். திருப்பிப் பிடித்தார். திரியைத் தூண்டினார். சிங்கம் வரவில்லை.

“நீ பாவி. பாவி நோட்டுல பகவான் வரமாட்டார்.”

“பாவி ஞான் இல்லை சாமி, இதை அச்சடிச்சவன். போன வருஷம் எவனோ கடையில தந்த கள்ளநோட்டு. சேச்சி, மடியில சின்ன நோட்டு வல்லதும் உண்டோ?”

மீன் வாங்கி மிஞ்சிய ஒரு ரூபாய் அங்கம்மாளிடம் இருந்தது. நாணு அவளை வெளியே அழைத்துவந்து, “மந்திரம் வேண்டாம். வெயிலுக்கு நேரா பிடிங்க” என்றார்.

மீன்வாடை அடித்த அந்த நோட்டுக்குள் சிங்கம் சாவகாசமாக வீற்றிருந்தது.

“காகிதம் செய்யும்போதே சர்க்கார் உள்ளே வெக்கிற அடையாளம், சேச்சி.”

வரிசையில் மடிகள் அவிழ்ந்தன. இரண்டு, ஐந்து, பத்து, எல்லாவற்றிலும் சிங்கம்.

அங்கம்மாள் திரையை விலக்கினாள். “என் நோட்டைத் தாரும்.”

“தெய்வகோபம் வரும்.”

“அதை நானும் சிங்கமும் பேசிக்கிடுதோம். நோட்டைத் தாரும்.”

சாமி ஒரு நூறு ரூபாயை நீட்டினார். அவள் அதை முடிந்துகொள்ளவில்லை, வெயிலில் பிடித்தாள். சிங்கம் இல்லை.

“இது நாணு நோட்டு. என்னுதை எடும்.”

சாமியின் பெட்டியைக் கூட்டமே திறந்தது.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும், ஒரு சிறு விண்ணப்பம்: நோட்டை வெளிச்சத்தில் பார்த்து வாங்கும் நாம், சாமியாரை மட்டும் எதற்காகத் திரைக்குள் வைத்தே நம்புகிறோம்?