அப்கிரேடு என்றால் திருட்டு வேலை

ஆம்பூரில் எல்லோரும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஓடுவதற்கென்றே கடை திறந்த ஒரே மனுஷர் கிரேடு பாய்தான்.

டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். ரிட்டயர் ஆனதும் எங்கள் தெரு முனையில் பிரவுசிங் சென்டர் வைத்தார். தோலைத் தடவுகிற மாதிரியே கம்ப்யூட்டரையும் தடவிப் பார்த்துத்தான் ஆன் பண்ணுவார். எதிர்க்கடை டீ மூணாம் கிரேடு. என் வீட்டு இட்லி ரிஜெக்ட். முகத்துக்கு நேரே சொல்லுவார். எனக்குப் பதில் பேச வராது என்பதால் தினமும் சொன்னார்.

கம்ப்யூட்டர் 'அப்கிரேடு பண்ணவா?' என்று கேட்டால் மட்டும் ரத்தம் கொதித்துவிடும். மட்டமான தோலுக்குப் பாலிஷ் அடித்து மேல் கிரேடில் தள்ளுகிற மோசடிக்குத்தான் அவர் டேனரியில் 'அப்கிரேடு' என்று பேர்.

"பாருங்கம்மா, என் கடையிலேயே உக்காந்துக்கினு எங்கிட்டயே கேக்குது, திருடலாமான்னு!"

ஒருநாள் அவர் தொழுகைக்குப் போன நேரம், எவனோ ஒரு காலேஜ்காரன் 'சரி' என்று அமுக்கிவிட்டான். மறுநாள் நான் மகள் கல்யாண சிடியோடு போய் நின்றேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் குரல் மிச்சம் இருந்தது அதில் மட்டும்தான்.

படம் ஓடியது. அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. இருந்த காலத்திலும் அதிகம் பேசாதவர்தான். அதற்காக இப்படியா?

"சிடி போச்சா பாய்?"

"சிடி ஃபர்ஸ்ட் கிரேடும்மா. பிளேயரைத்தான் எவனோ பேமானி அப்கிரேடு பண்ணிக்கிறான். பழைய வெர்ஷனை இறக்கினா பேசுவாரு."

இறக்க ஆரம்பித்தார். அப்போதெல்லாம் போன் ஒயரில் வருகிற நெட். மாடியில் அவர் சம்சாரம் போனை எடுத்தால் கீழே அறுந்துவிடும். அந்தம்மாவுக்கோ வாணியம்பாடி முழுக்க அக்கா தங்கச்சிகள். முக்கால்வாசி இறங்கும்போது அறுந்தது.

"போனை வைம்மா! இங்க பழசு இறங்கினு இருக்குது!"

"பழசா? யாரு, நானா? இரு, இறங்கியே வர்றேன்!"

கரண்டியோடு இறங்கியும் வந்தார். பாய் ஒரு அடி பின்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் அந்தம்மா மேலே போய், மாடிப் போனையே பிடுங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

அடுத்த தடவை கரண்ட் போனது. அதற்கடுத்துத் தப்பாக இறங்கினது ஏதோ கார் ரேஸ் படம். அதையும் விடாமல் பார்த்து, ரெண்டாம் கிரேடு என்று தீர்ப்பு சொன்னார் பாய்.

ஒருவழியாகப் பழசு வந்து சேர்ந்தது. சிடியைப் போட்டார். திரையில் என் வீட்டுக்காரர் பேசினார்.

"இன்னாமே, கேமராவைக் கண்டு தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு? வா இப்படி. எம்பக்கத்துல வந்து நில்லு."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

திரும்பினால் பாயைக் காணோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்று, நெட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்காது என்று நினைத்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"உள்ள புருஷன் பொஞ்சாதி பேசிக்கினு இருக்காங்க. அப்புறமா வாங்க."