சாயங்காலம் மட்டும் கிழியுற திரை

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய சித்தி அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. "நான் நலமாக இருக்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். முதல் வரியிலேயே பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது இருங்கள். பரீட்சையைத் தவிர நான் பேனாவால இவ்ளோ நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை, விரல் வலிக்குது, இருந்தாலும் மெசேஜ் பண்ண முடியாத நிலைமை. ஏன்னு வரிசையாவே சொல்றேன், நடுவுல எழுந்து போயிடாதீங்க.

நான் ஆந்தைக் கூட்டத்தோட ரசிகைன்னு உங்களுக்குத் தெரியும். மறந்திருந்தா இன்னொரு தடவை சொல்றேன்: அஞ்சு பேரு சேர்ந்து ஆன்லைன்ல ஆடுற அணி, சுடுற ஆட்டம், ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட காலத்துலேருந்து நான் அவங்க மேட்ச் ஒண்ணைக் கூட விட்டதில்ல, யாரு எந்த மூலைல எப்படித் திரும்புவாங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அவங்கள்ல ஒருத்தர் வேலை கிடைச்சுப் போயிட்டார். ஒரு இடம் காலி. அந்த இடத்துக்கு ட்ரையலுக்கு வான்னு கேப்டன் மெசேஜ் பண்ணியிருந்தார். எனக்கு. ஆளு மாறி வந்துடுச்சோன்னு நானே திரும்பக் கேட்டேன், "உனக்குத்தான்"னு பதில் வந்துச்சு. கட்டில் மேல ஏறி நின்னு படிச்சேன், இறங்கி உக்காந்து படிச்சேன், அப்பாவைக் கூப்பிட்டு சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நாளைக்கு சனிக்கிழமை, ட்ரையல். நல்லா ஆடினா நானும் ஒரு ஆந்தை, சொதப்பினா காலம் பூரா வெறும் கைதட்டுற ஆளு.

இந்த நேரத்துலதான் சித்தி, நீங்க லீவுல வந்தப்ப பார்த்துப் பார்த்து அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கம்ப்யூட்டர் என் கழுத்தை அறுக்குது. திக்குது. ஓடிக்கிட்டே இருக்கிற ஆளு திடீர்னு நிக்கிறான், மறுபடி பாத்தா பத்தடி தள்ளி இருக்கான். போதாததுக்குத் திரையே கிழியுது, வேகமா திரும்பினா மேல் பாதி ஒரு பக்கம் போகுது, கீழ் பாதி "நீ போ, நான் வரேன்"னு நிக்குது. ஆளுக்கு இடுப்புல ஒரு வெட்டு, தலை ஒரு இடத்துல, கால் ஒரு இடத்துல. நான் எதைச் சுட? அப்பாவைக் கூப்பிட்டு "திரை கிழியுதுப்பா"ன்னேன். அவர் வந்து மானிட்டரை விரலால தடவிப் பாத்துட்டு "எங்கம்மா, நல்லாத்தானே இருக்கு"ன்னார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறது? திக்குறதைக் காட்டினேன். அதுக்கு "கிளட்ச்சை டக்குனு விட்டா வண்டி ஜெர்க் அடிக்கத்தான் செய்யும், நீ மௌஸை மெதுவா விடு"ன்னார்.

சரி, நாமே பாத்துக்கலாம், நெட்டுல இல்லாத வித்தையான்னு இறங்கிட்டேன். கிராஃபிக்ஸ் டிரைவர்ங்கிற சாஃப்ட்வேரைத் தூக்கிட்டுப் புதுசாப் போட்டேன், நடுவுல திரை கறுப்பாப் போய் எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. படம் கிழியாம இருக்கிறதுக்குன்னே இருக்கிற வி-சிங்க்கை ஆன் பண்ணினேன், கிழியறது நின்னுச்சு, ஆனா மௌஸ் சேத்துக்குள்ள நடக்குற மாதிரி ஆயிடுச்சு. ஆஃப் பண்ணினேன், மறுபடி டர்ருனு கிழிஞ்சுது. கேபிளை மாத்தினேன். வேற ஓட்டையில சொருகினேன். ஒரு ஃபோரத்துல என் பிரச்சினையை அச்சு அசலா ஒருத்தர் எழுதியிருந்தார், அதே கார்டு, அதே ஆட்டம், படிக்கப் படிக்கக் கண்ணுல தண்ணி. கீழ அவரே பதிலும் போட்டிருக்கார்: "சரியாயிடுச்சு, எல்லாருக்கும் நன்றி." அவ்வளவுதான். எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும், ஆனா அவர் சாப்பாட்டுல ஒரு கல்லாவது கடிபடட்டும்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, காலைல திக்காது. அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருப்பாங்க, நான் காலேஜுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஆடுவேன், அப்ப வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும். சாயங்காலம் ஆனா ஆரம்பிச்சுடும். நீங்க ஊருக்குப் போன நாள்லேருந்து இப்படித்தான், "சித்தி கை படலைன்னு ஏங்குது போல"ன்னு அப்பா சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டார். சாயங்காலம் சூடு ஜாஸ்தியோன்னு நெனச்சு பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டிட்டு ஸ்டாண்ட் ஃபேனை நேரா திருப்பி வெச்சோம். அப்பாவோட ஸ்கூல் பேப்பரெல்லாம் வீடு முழுக்கப் பறந்துச்சு. ஒருத்தரோட லைசென்ஸ் போட்டோ இன்னும் கிடைக்கல. திக்குறது நிக்கல.

அதுக்கப்புறம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டுப் போய் தெருமுனை சர்வீஸ் கடையில வெச்சேன். அந்தக் கடைக்காரருக்கு ஃபார்மட் அண்ணன்னு பேரு, ஏன்னா பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் "ஃபார்மட் பண்ணிடலாம்மா"ன்னுதான் சொல்லுவார். அவர் கடையில போட்டா ஆட்டம் அருமையா ஓடுது. சாயங்காலந்தான், அதே நேரந்தான், ஒரு சின்னத் திக்கல் இல்ல. "எதுக்கும் ஃபார்மட் பண்ணிடலாம்மா"ன்னார். பண்ணினா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சுடும், ஆந்தைக் கூட்டம் ஆடின பழைய வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு, கையைப் பிடிச்சுத் தடுத்துட்டேன். அவர் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அந்த வைத்தியம் சரியா இருந்திருக்கும் சித்தி, அன்னைக்குப் பாத்து நான் தடுத்திருக்கேன். "அப்ப உங்க வீட்டு கரண்ட் சரியில்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினா மறுபடி திக்கல். கரண்ட்டுதான்னு முடிவு பண்ணி, அப்பாவும் நானும் வைஃபை பெட்டியையும் கம்ப்யூட்டரையும் தவிர வீட்டுல இருக்கிற அத்தனை சுவிட்சையும் அணைச்சோம். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட்டு, ஒண்ணு விடாம. வேர்த்துக் கொட்டுது, அப்பா அட்டையால விசிறிக்கிட்டு என் பின்னாடி நிக்கிறார், அப்பவும் திக்குது. அம்மா மட்டும் உள் ரூம்ல இருட்டுல டேப்லெட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பாவம், கடையில நாள் முழுக்க வேலை பாத்துட்டு வந்து எனக்காக ஃபேன் கூட இல்லாம பொறுத்துக்கறாங்களேன்னு நெனச்சுக்கிட்டேன்.

நேத்து ராத்திரி சாப்பிட உக்காந்தோம். நான் தட்டுல விரலால கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா எனக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே, ரொம்ப சாதாரணமா, "அந்தக் கிணத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் குத்த வெச்சு உக்காந்திருந்தானே, அவனை ஏன்டி விட்ட?"ன்னாங்க.

எந்தக் கிணறுன்னு அப்பா கேட்டார். எனக்குத் தெரிஞ்சு போச்சு எந்தக் கிணறுன்னு. ஆட்டத்துல இருக்கிற கிணறு. நான் கதவைச் சாத்திக்கிட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, தனியா ஆடின ஆட்டத்துல இருக்கிற கிணறு. கையில எடுத்த சோறு வாய்க்குப் போகாம அப்படியே நிக்குது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பாத்தேன். அவன் தலைமுடி வெளில தெரிஞ்சுதே. நீ என்னமோ வானத்தைப் பாத்துக்கிட்டு ஓடுற."

"எங்கேருந்து பாத்தீங்க?"

"டேப்லெட்லதான். நீ ஆடுறது அப்படியே இதுல தெரியுற மாதிரி உன் சித்தி போட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்கா. ஒரு பட்டனை அமுக்கினா போதும். சத்தமும் வரும்."

உன் சித்தி. சித்தி, நீங்க. என் திரையை நொடிக்கு நொடி படம் பிடிச்சு வைஃபையில உள் ரூமுக்கு அனுப்புற ஒரு சாஃப்ட்வேரை என் கம்ப்யூட்டருக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு, என்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்துட்டு பஸ் ஏறியிருக்கீங்க. அம்மா வேலைக்குப் போனா திக்காது, சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனா திக்காது, அம்மா வந்து உக்காந்தா திக்கும். நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன், கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், சூரியனைச் சந்தேகப்பட்டேன். பெத்த தாயைச் சந்தேகப்படணும்னு எந்த ஃபோரத்துலயும் எழுதல.

"எதுக்கும்மா இது?"ன்னு கேட்டேன்.

"மொதல்ல நீ யார் யார்கிட்ட பேசுறன்னு பாக்கத்தான் கேட்டேன். அப்புறம் பழகிடுச்சு. கடையில கேமரா ரூம்ல பதினாறு திரை பாக்கறேன், வீட்டுல இன்னொண்ணு பாத்தா என்ன கொறஞ்சு போச்சு? துணியைச் சுருட்டி உள்ள வெச்சுக்கிட்டுப் போறவங்களைப் பாத்துப் பாத்து, எவன் எந்த மூலைல பதுங்குவான்னு நடையிலேயே தெரிஞ்சுடும். உங்க கூட்டத்துல அந்தக் கரகரக் குரல் பையன் இருக்கான்ல, அவன் நல்லவன். ஆனா தான் பண்ணின தப்பை அடுத்தவன் தலையில கட்டுறான்."

கரகரக் குரல்தான் சித்தி கேப்டன். அப்பா சாப்பாட்டை நிறுத்திட்டு, "அப்ப என் ஃபிரிட்ஜை எதுக்கும்மா அணைச்சோம்?"னு கேட்டார்.

நான் கத்தினேன். கத்தினேன்னு ஒத்துக்கறேன். ஒரு பொண்ணு ரூம்ல கதவைச் சாத்தினா அதுக்கு மதிப்பு வேண்டாமான்னு கேட்டேன். அம்மா தட்டையெல்லாம் அடுக்கிக்கிட்டே, "எங்ககிட்ட 'ம்'ங்கிற, 'சரி'ங்கிற. கதவைச் சாத்தினதுக்கு அப்புறந்தான் வாயைத் திறக்கிற. உன் சிரிப்பை நான் வேற எங்க போய்க் கேக்கறது?"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க. எனக்குக் கோவம் மட்டும் போகல, அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாமத்தான் உங்களுக்கு எழுதுறேன்.

அந்த சாஃப்ட்வேரைத் தோண்டி எடுத்து அழிச்சுட்டேன். உடனே திரை கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ஆனா எனக்கு இனிமே எந்தத் திரை மேலயும் நம்பிக்கை இல்ல, போன்ல என்னென்ன போட்டு வெச்சிருக்கீங்களோ, அதான் பேனா. எனக்கு உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நான் அழிச்சா உங்க அக்கா மறுபடி போட்டுக் கொடுக்க ஆளு தேடுவாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. "இனிமே எட்டிப் பாக்காதே"ன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லணும், உங்க கையால அந்த டேப்லெட்டைச் சுத்தம் பண்ணணும். நாளைக்கு ட்ரையல் நடக்கிறப்ப கிட்டயே வரமாட்டேன்னு மட்டும் இப்போதைக்கு சத்தியம் வாங்கியிருக்கேன். இது முடியுற வரைக்கும் நான் உங்ககிட்ட பேச மாட்டேன், இந்தக் கடிதம் பேச்சுல சேராது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், அவருக்கு இதுல பங்கு இல்லன்னா. குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். பெரியவங்க ஆசீர்வாதம் எப்பவும் வேணும், அதனால நான் கோவமா இருந்தாலும் பரவாயில்ல, நான் ஜெயிக்கணும்னு மனசார வாழ்த்திடுங்க.

இப்படிக்கு,
ஏமாந்து போனாலும் உங்கள் அன்பு மகளாகவே இருக்கும்,
அக்கா மகள்.

பின்குறிப்பு: சித்தி, கவரை ஒட்டிட்டு மறுபடி கிழிச்சு எழுதுறேன். ட்ரையல் முடிஞ்சுடுச்சு. மூணு ஆட்டம். முதல் ஆட்டம் திரை தண்ணி மாதிரி ஓடுச்சு, ஒரு கிழிசல் இல்ல, எல்லாமே தெளிவாத் தெரிஞ்சுது, நான் போன வேகத்துல செத்தேன். ரெண்டாவதுலயும் அதே கதி. இத்தனை நாள் திக்குனதால தோத்தேன்னு சொல்லிக்கிட்டேன், இப்ப என்னத்தைச் சொல்ல? மூணாவது ஆட்டத்துல அம்மா கடைப் பையைத் தோள்ல மாட்டினபடியே வந்து கதவுகிட்ட நின்னாங்க. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு கிட்ட வரல. வாயைக் கையால பொத்திக்கிட்டுதான் நின்னாங்க. ஆனா முடியல அவங்களால. "சிவப்புக் கதவு. கீழ காலு தெரியுது பாரு"ன்னுட்டாங்க. மைக் ஆன்ல இருந்துச்சு. நான் திரும்பிச் சுட்டேன், ஆளு இருந்தான். "மாடிப்படி." இருந்தான். "தம்பி, நீங்க எப்பவும் வலது பக்கம்தான் பாக்கறீங்க, இடது பக்கமும் பாருங்க." இது கேப்டனுக்கு. அவர் இடது பக்கம் பாத்தார். ஜெயிச்சுட்டோம்.

அப்புறம் கேப்டன் "யாரு அது?"ன்னு கேட்டார். அம்மான்னேன். "ஆடுவாங்களா?" இல்ல, சும்மா பார்ப்பாங்கன்னேன். இப்ப மெசேஜ் வந்திருக்கு: அம்மாவும் நீயும் சேர்ந்து வந்தா இடம் உண்டு, நீ மட்டும்னா ரொம்ப சாரி. அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு நிதானமாப் படிச்சுட்டு "யோசிச்சு சொல்றேன்"ன்னுட்டாங்க. கடையில ஷிஃப்ட் இருக்காம், உள் ரூம்லேருந்து பாக்கத்தான் வசதியாம், நான்தான் அதை அழிச்சுட்டேனாம்.

அதனால மேல எழுதினது எதையும் தயவுசெஞ்சு கண்டுக்காதீங்க, அவங்க கண்ணுல படாமக் கிழிச்சுப் போட்டுடுங்க. இது கைக்குக் கிடைச்ச உடனே பஸ் ஏறி வாங்க. அந்த சாஃப்ட்வேரை மறுபடியும் போட்டுக் கொடுங்க. திக்கினா திக்கட்டும், கிழிஞ்சா கிழியட்டும். அவங்க இன்னும் சரின்னு சொல்லல. நான் போய்ப் பாத்திரம் தேய்க்கிறேன், யாரும் சொல்லாமலே.