ஐ இல்லாத டெய்லர்

தகரத்தாலான இங்கிலீஷ் எழுத்துகள் பத்தும் துணி வெட்டும் மேஜைமேல் கிடந்தன. முத்திருளன் அவற்றை மறுபடியும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தான். டெய்லர் வரவில்லை.

"ஐ இல்லாம டெய்லர் எப்படிப்பா வரும்?" என்றார் ஹாலாஸ்யம் சார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருந்தார்.

பழங்காநத்தத்தில் முத்திருளன் கடைக்கு எதிரே புதிதாக ஒரு தையல்கடை வந்திருந்தது. அதன் போர்டு இங்கிலீஷில் இருந்தது. பெல்பாட்டம் தைக்க வரும் காலேஜ் பையன்கள் அதைப் படித்துவிட்டு நேராக அங்கே போய்விட்டார்கள். முத்திருளனும் அதே அகலத்துக்குத்தான் பெல்பாட்டம் தைத்தான். ஆனால் அவன் கடைவாசலில் 'முத்திருளன்' என்று தமிழில் பெயர் மட்டும் இருந்தது. அதனால்தான், மூடிப்போன மெட்டல் ஸ்டோர் ஒன்றின் இங்கிலீஷ் எழுத்துகளைப் பழைய இரும்புக்கடையில் பார்த்ததும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"தெற்குவாசல் வரைக்கும் தேடிட்டேன் சார். எங்கயும் ஐ கிடைக்கலை. இந்தப் பத்துக்குள்ள வேற நல்ல வார்த்தை ஏதும் இருக்கா?"

சார் ஸ்டூலை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். ரோஸ் வந்தது. சால்ட் வந்தது. இறைச்சிக்கான சொல் ஒன்று வந்தபோது முகத்தைச் சுளித்து அவசரமாகக் கலைத்தார். பொத்தான் வைத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"மாஸ்டர்," என்றார் கடைசியில். "உங்களை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறா?"

அன்றைக்கே ஆணி அடித்தாகிவிட்டது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் கையில் ஒரு சிறுமியைப் பிடித்திருந்தார். "கணக்கு மட்டும் ஏற மாட்டேங்குது மாஸ்டர். டியூஷன் எம்புட்டு நேரம்?"

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "ரெண்டு டீ மாஸ்டர். ஒண்ணுல சீனி கம்மி."

சாயங்காலம் சார் வந்து கேட்டார். வருத்தப்படுகிற மாதிரிதான் கேட்டார். ஆனால் மறுபடியும் எழுத்துகளோடு உட்காரலாம் என்ற சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

"லேட்டஸ்ட்," என்றார். "புதுசுக்கெல்லாம் புதுசுன்னு அர்த்தம். எதிர்த்த கடைக்காரன் தூங்க மாட்டான்."

உண்மையிலேயே பலித்தது. காலேஜ் பையன்கள் வந்தார்கள். தீபாவளித் துணி மேஜைமேல் மலையாகக் குவிந்தது. முத்திருளன் சாருக்கு ஒரு சட்டை சும்மாவே தைத்துக் கொடுப்பதாகச் சொன்னான்.

பிறகு ஒருநாள் காலையில் ஓர் அம்மாள் வந்து, கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டார்.

"ஏன்க்கா? தீபாவளிக்குள்ள தந்துருவேன்ல?"

"லேட்டுன்னு நீங்களே போர்டு போட்டுட்டீங்களே தம்பி. மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளி. லேட்டா வாங்கி நான் என்ன பண்ண?"

முத்திருளன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். கடைசி இரண்டு எழுத்துகளைக் காணோம். வைக்கோல் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதற்குள் இன்னும் நாலு பேர் துணி கேட்டு வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கடையைப் பூட்டிவிட்டு, சைக்கிளில் லாரியைத் துரத்தினான். திருப்பரங்குன்றம் தாண்டியும் லாரி அகப்படவில்லை.

சாயங்காலம் களைத்துத் திரும்பியபோது கடைவாசலில் கூட்டமாக இருந்தது. நடுவில் அவன் கொழுந்தியாள் அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கையில் ரோஜாமாலை. ஹாலாஸ்யம் சார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

சைக்கிளோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் அழுகை சட்டென்று நின்றது.

"மச்சான், நீங்க இருக்கீங்களா?"

"இல்லாம எங்க போறேன்? யாரு செத்தா?"

அலங்காநல்லூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற அவள் புருஷன் மலையாண்டிதான் செய்தி சொல்லியிருக்கிறான். ஜோலியாகப் பழங்காநத்தம் பக்கம் வந்தவன் கண்ணில், மேலே லேட், கீழே முத்திருளன், அதற்கும் கீழே பூட்டிய கதவு பட்டிருக்கிறது.

முத்திருளன் அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். நடந்ததை எல்லாம் சொன்னான். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இம்புட்டுப் பாடு எதுக்கு மச்சான்? தையக்காரன்னே போட்டிருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் டெய்லர்ங்கிறது. மத்த எழுத்தெல்லாம் இருக்கு. நடுவுல வர்ற ஐ மட்டும்தான் இல்லை."

"அது எப்படி இருக்கும்?"

முத்திருளன் மேஜைமேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்து நிமிர்த்திப் பிடித்தான்.

"இந்தா, இப்படித்தான் நட்டுக்க நிக்கும்."

அழகம்மாள் ஸ்கேலைப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தாள். சாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப அதையே அங்க வச்சு ஆணி அடிச்சா ஆகாதா மச்சான்?"