'இயக்காதே' அட்டை மாட்டிய வார்டன்

ஓசூரில் உள்ள எல்லா உலைகளையும் சேர்த்து மூட்டினாலும் எங்கள் பாலிடெக்னிக் விடுதி வார்டன் அளவுக்குச் சூடாகாது. தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் 'சேப்டி'.

பழுதான எந்திரத்தில் 'இயக்காதே' என்று சிவப்பு அட்டை மாட்டுவார்கள். மாட்டியவர் கழற்றும்வரை முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொட முடியாது. சேப்டி அந்த அட்டையைத் தலையில் அடிபட்ட பிள்ளைகளின் கழுத்தில் மாட்டினார். கட்டிலில் இடித்துக்கொண்டாலும் அட்டைதான். வகுப்பு, செல்போன், விளையாட்டு எதுவும் கிடையாது. அங்கே கணக்கு வாத்தியாரான நான் அவரைக் கிண்டலடித்தே பெயர் வாங்கினேன்.

அங்கேயே படிக்கும் என் மகள் கோ-கோ ஆடும்போது கம்பத்தில் முட்டிக்கொண்டாள். அவள் மயங்கவில்லை, நான்தான் மயங்கினேன். ஆட்டோவில் எனக்குத் தண்ணீர் தெளித்தது அவள்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. சேப்டி அட்டையோடு வந்தார்.

"அதான் நார்மல்னுட்டாங்களே, சேப்டி. வேற கழுத்தப் பாருங்க" என்று அனுப்பிவிட்டு, மறுநாளே அவளை வகுப்பில் உட்கார வைத்தேன்.

மூன்று வாரத்தில் வெளிச்சம் அவளுக்குப் பகையாயிற்று. ஒரே பத்தியை நான்கு முறை படித்தாள். தலைவலி என்று அழுதாள். போன்தான் காரணம் என்று கத்தினேன். தேர்வைத் தள்ளிவைக்க அவள் கேட்டபோது கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பரீட்சைன்னா எல்லாருக்கும் தலை வலிக்கும் சார்." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

விஷயம் கேள்விப்பட்டு, நான் அங்கே இருக்கும்போதே சேப்டி அனுமதி கேட்காமல் முதல்வர் அறைக்குள் நுழைந்தார்.

"பிரஸ் மிஷினு லேசா அதிர்ந்தாலே லைன நிறுத்துவாங்கோ. பொண்ணு தலை அதிர்ந்தா பரீட்சை எழுதணுமா?"

"நீங்க வார்டன். டாக்டர் இல்ல."

"அதான் டாக்டர்கிட்ட கூட்டினு போவச் சொல்றேன். ரத்தம் கசியலன்னுதான் ஸ்கேன் சொல்லுச்சு. சரியாயிடுச்சுன்னு சொல்லுச்சா?" கோபம் முற்றினால் அவருக்குக் கன்னடம் வரும். "நிமகெ தலெ இல்வா?" உங்களுக்குத் தலையே இல்லையா என்று முதல்வரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வூட்லயும் வாத்தியாராவே இருப்பியாய்யா? அப்பனா எப்ப ஆவப்போற?"

நரம்பு மருத்துவர் அதையேதான் மரியாதையாகச் சொன்னார். சின்ன அடிதான், ஆனாலும் தொல்லை மாதக்கணக்கில் நீளலாம்; ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு. அவர் கொடுத்த கடிதத்தைப் பார்த்தபின் முதல்வருக்கு வேறு வழியில்லை.

அடுத்த பருவத்தில் அவள் தேர்வு எழுதினாள். அறைக்கு வெளியே சேப்டி எல்லோரையும் முறைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். அவள் வெளியே வந்ததும், கேள்வித்தாள் எப்படி என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், அந்தத் தொண்டையில் இருக்குமென்று நான் நினைத்தே பார்க்காத மெல்லிய குரலில் கேட்டார்: "தலை வலிக்குதாம்மா?"