ஈறு கெட்ட இன்ஜின்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பழைய கிடங்குக்கு வெளியே நிற்கும் கார்களைப் பார்த்தால், ஏதோ கோடீஸ்வரர் வீட்டு விசேஷம் என்றுதான் நினைப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள். பக்கத்தில் போய் விசாரித்தால்தான் சங்கதி தெரியும். அத்தனைக்கும் பேய் பிடித்திருக்கிறது!

வசதி தெரிந்த பேய்கள். டவுன் பஸ்ஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தோல் சீட் இருந்தால்தான் ஏறும்.

பேய் ஓட்டுபவருக்குப் பெயர் கைவைத்த ஐயா. வண்டியின் கண்ணாடிகளையெல்லாம் கறுப்புத் துணியால் மூடுவார்கள். உள்ளே ஸ்டியரிங்கில் அவருடைய சீடர் மௌனி உட்காருவார். பேசாத விரதம் பூண்டு பல வருஷம் ஆயிற்றாம். ஐயா ஓரமாக நின்று பானட்டில் உள்ளங்கையை வைத்து, "வா!" என்பார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் கார் கிடுகிடுவென்று உதறும். மூன்று தட்டு தட்டி, "அடங்கு!" என்பார். அடங்கிவிடும். வக்கீலும் வங்கி மேலாளரும் வாயைப் பிளப்பார்கள்.

பானட்டை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. திறந்தால் ஆவி ஓனர் மேல் பாய்ந்துவிடும். அதேபோல, ஆவி அடங்குவதற்குள் ஐயா கையை எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் மேல் ஏறிவிடும். ஐயா இதை வாராவாரம் சொல்லுவார். கூட்டம் வாராவாரம் நடுங்கும்.

அந்தக் கூட்டத்தில் நம் பல் டாக்டரும் ஒருவர். பாதி ஆயுளை அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே கழித்தவர், அந்த முதுகுவலிக்குத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு அந்தச் சிவப்புக் கார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் அதைத் துடைக்கும்போது பார்க்க வேண்டும், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார்.

ஞாயிறு விடியலில் தனியாக நெடுஞ்சாலையில் விட்டால் அது பட்டுப்போல் ஓடும். மனைவியை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் சிக்னலுக்குச் சிக்னல் உதறும். பச்சை விழுந்து கிளம்பும்போது அடியில் 'டொக்' என்று ஓர் இடி வேறு. டாக்டர் கணக்குப் போட்டார். தனியாகப் போனால் ஆடவில்லை, மனைவி ஏறினால் ஆடுகிறது. நெடுஞ்சாலையில் சிக்னலே கிடையாது, எங்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஐயாவும் அதைத்தான் சொன்னார். "பழைய ஓனரோட ஆவி. பக்கத்து சீட்ல பொம்பளை உக்காந்தா அதுக்கு ஆகாது."

அன்றிலிருந்து அம்மையாருக்குப் பஸ்தான். அவர் மருந்துக் கம்பெனியில் புது மாத்திரைகளைச் சோதித்துப் பார்ப்பவர். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. அப்படிச் சோதித்தே பழகியவருக்கு, வீட்டில் மாவையே மருந்தென்று விழுங்கும் புருஷன் வாய்த்திருந்தார்.

இன்றைக்கு விஷயம் முற்றிவிட்டது. ஐயா கையை விரித்துவிட்டார்.

"இது பெரிய ஆவி, டாக்டர். இங்க வெச்சு அடக்கி மாளாது. எல்லை தாண்டி விட்டுடணும். மச்சான் ஓட்டிட்டுப் போயிடுவார். பழைய இரும்பு விலை தருவார். வேணாம்னு சொல்லிடாதீங்க, ஆவி கோவிச்சுக்கும்."

ஐயாவின் மச்சான் விற்பனைத் தாளோடு தயாராக நின்றார். முகத்தில் அப்படி ஒரு தியாகம்! டாக்டர் பேனாவைத் திறந்தார். கண் கலங்கியது. கடைசியாக ஒருமுறை தடவிப் பார்க்கலாமென்று காரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம்." காருக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல். பஸ் பிடித்து வந்திருந்தார். பெண் வாடை முன்பக்கம் ஆகாதென்று அவரைப் பின்பக்கம் நிறுத்தியிருந்தார்கள்.

"இப்ப எதுவும் பேசாதம்மா. மனசே சரியில்ல."

"கையெழுத்து எங்கயும் ஓடிப்போகாது. நான் ஒருவாட்டி ஸ்டியரிங்ல உக்காந்துக்கறேன். ஐயா பேயைக் கூப்பிடட்டும்."

ஐயா பதறினார். "ஐயையோ! பொம்பளை உக்காந்தா ஆவிக்குக் கோபம் வரும்மா!"

"வரட்டுமே ஐயா. கோபம் வந்தா இன்னும் ஜோரா ஆடும்ல? இவங்க எல்லாரும் அதைப் பாக்கத்தானே வந்திருக்காங்க."

கூட்டத்துக்கு வாயில் எச்சில் ஊறியது. "உக்காரட்டும் ஐயா! நாங்க இருக்கோம்ல!" என்றார் வக்கீல், நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு.

மௌனி இறங்கினார். ஐயாவை அவர் பார்த்த பார்வையில் ஒரு முழுப் பிரசங்கமே இருந்தது. அம்மையார் ஏறினார், கைபிரேக்கை இழுத்தார், காலால் பிரேக்கை அழுத்தினார். வண்டிக்கு முன்னால் நின்றவர்களைக் கையசைத்து விலகச் சொன்னார். இன்ஜின் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஐயா கையை வைத்தார். "வா!"

கார் அசையவில்லை.

"வா... வா!"

பேய்க்கு அன்று விடுமுறை போலிருந்தது.

ஐயா லேசுப்பட்டவரா என்ன? ஒரு நொடியில் முகத்தை மலர்த்திக்கொண்டார். "பாத்தீங்களா! தாய்க்குலத்தைப் பாத்ததும் ஆவி ஓடிப்போச்சு! இனி இந்த வண்டியில..."

சொல்லி முடிப்பதற்குள் கார் உதறியது. சும்மா உதறவில்லை, தடதடவென்று உதறியது.

"ஓடிப்போனது திரும்பி வந்துடுச்சு போல," என்றார் வங்கி மேலாளர், அப்பாவியாக.

"அடங்கு!" ஐயா மூன்று தட்டு தட்டினார். அடங்கவில்லை. மறுபடி தட்டினார். ஊஹூம். வழக்கமாக மூன்றாவது தட்டிலேயே வேலை முடிந்துவிடும், கையும் தப்பிவிடும். இன்று பானட் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கையை எடுக்கலாமென்றால் வக்கீல் அலறினார்.

"கையை எடுத்துடாதீங்க ஐயா! பக்கத்துல நான் நிக்கறேன்!"

ஐயாவுக்கு நெற்றி வியர்த்தது. ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார். கூட்டம் அதைப் புதுவிதத் தவமென்று நினைத்து மெய்மறந்தது. தாங்க முடியாமல் யாரோ கத்தினார்கள்.

"அம்மா! கியரை எடுத்துப் பார்க்கிங்ல போடுங்கம்மா! ஐயா கை வேகுது!"

எல்லாரும் திரும்பினார்கள். கத்தியவர் மௌனி.

கிடங்கே மௌன விரதம் பூண்டது.

அம்மையார் கியரை மாற்றினார். கார் அடங்கியது. ஐயா கையை உருவி வாயில் வைத்துக்கொண்டார். அம்மையார் கறுப்புத் துணியை விலக்கித் தலையை நீட்டினார்.

"என்னைப் பின்னாடி நிக்க வெச்சீங்க, நல்லதாப் போச்சு. ஒவ்வொருவாட்டி பேய் வரும்போதும் போகும்போதும் ரிவர்ஸ் லைட்டு ஒரு நொடி மின்னிச்சு. உள்ள மௌனி கியரை மாத்தறாரு. பார்க்கிங்லேர்ந்து எடுத்தாலும் திரும்பப் போட்டாலும் ரிவர்ஸைத் தாண்டித்தான் போகணும். பேய் என்ன, லைட்டு போட்டுக்கிட்டா வரும்?"

"அப்ப ஆடுறது?" என்றார் டாக்டர்.

"நிஜமாவே ஆடுது. கியர்ல போட்டு பிரேக்கை மிதிச்சா இன்ஜின் முன்னாடி தள்ளப் பாக்குது, முடியல, உதறுது. ஏங்க, உங்ககிட்ட ஒருத்தர் வந்து பல்லு ஆடுதுன்னா பேயையா தேடுவீங்க?"

டாக்டர் வாய் தானாகச் சொன்னது. "ஈறைப் பாப்பேன்."

"அப்பப் பாருங்க."

அவர் கை பானட்டை நோக்கிப் போனது. அம்மையார் உள்ளேயிருந்து நெம்புகோலை இழுத்துவிட, டாக்டர் மூடியைத் திறந்தார். எதுவும் பாயவில்லை, கொஞ்சம் சூடான எண்ணெய் வாசனை மட்டும் வந்தது. அவர் ஓரமாக நின்றுகொள்ள, அம்மையார் பிரேக்கை அழுத்தியபடியே மறுபடி கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டார். இன்ஜின் ஒரு பக்கமாக எகிறி எழுந்தது. கியரை எடுத்ததும் 'டொக்' என்று உட்கார்ந்தது. அதே 'டொக்'!

வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். இன்ஜினுக்கு அடியில் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ரப்பர் நடுவில் கிழிந்து, உள்ளேயிருந்த எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. இன்ஜின் அந்தப் பக்கம் சரிந்து கிடந்தது.

"ஈறு போயிருக்கு," என்றார். "வெறும் ஈறு."

"பஸ்ல வரும்போது இன்னொண்ணும் பாத்தேன்," என்றார் அம்மையார், இறங்கி வந்து மச்சானிடம். "போன மாசம் எல்லை தாண்டிப்போன மஞ்சள் கார் உங்க கடைக் கண்ணாடிக்குள்ள பளபளன்னு நிக்குது. புது ரப்பர் போட்டதும் ஆவி இறங்கிடுச்சாக்கும்?"

மச்சான் விற்பனைத் தாளை மடித்துப் பையில் வைத்தார். பின்வாசல் எங்கே என்று கண் தேடியது. அங்கே அந்த மஞ்சள் காரைப் பறிகொடுத்தவர் நின்றிருந்தார். ஐயாவுக்கு வலக்கை வெந்திருந்தது, இடக்கையை வங்கி மேலாளர் பிடித்திருந்தார். மௌனியோ, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வரிசையாக பானட்டுகள் திறக்கும் சத்தம். வக்கீல் மட்டும் திறக்கவில்லை.

"என்ன இருந்தாலும் ஐயா கை வெந்துபோச்சே. ஆவி எவ்வளவு சூடா இருந்திருக்கணும்!" என்றார்.

டாக்டர் பானட்டை மூடினார். சுற்றி வந்து பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறும்மா."

"சிக்னல்ல ஆடுமே?"

"ஆடட்டும். ஒர்க்ஷாப் வரைக்கும்தானே."

கார் ஆடிக்கொண்டே போனது. கார் மூடியைத் திறக்க, செய்தவன் உள்ளே ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறான், இழுத்தால் போதும். வக்கீலின் கழுத்துக்கு மேலிருக்கும் மூடிக்கு யாரும் நெம்புகோல் வைக்கவில்லை. அதை அவரவரேதான் திறந்துகொள்ள வேண்டும்!